மின்தடைக்குப் பின் தானே எழும் கணினி: நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ், ஒரு பயனரின் மதிப்புரை

ஆளில்லாத அறையில் இரவும் பகலும் ஓட வேண்டிய கணினியைப் பராமரிப்பவர்களுக்கு, மின்தடையைக் காட்டிலும் மின்சாரம் திரும்பிய பின் வரும் நேரமே அதிகக் கவலை தரும். விளக்குகள் எரிகின்றன, ரவுட்டர் வேலை செய்கிறது, ஆனால் கோப்புகளைத் தர வேண்டிய கணினி மட்டும் அணைந்தே கிடக்கிறது. யாராவது நேரில் சென்று அதன் பொத்தானை அழுத்தும் வரை அப்படியே கிடக்கும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக நான் நிறுவி, 2 ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற திறமூல மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை. யூபிஎஸ் என்பது மின்சாரம் போனதும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவி; அதைக் கண்காணித்து, கணினிகளை முறையாக அணைப்பது இந்த மென்பொருளின் வேலை. அதை நட் என்று சுருக்கி அழைப்பது வழக்கம் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். என்னிடம் லினக்ஸில் ஓடும் ஒரு சர்வரும், காப்புப் பிரதிகளுக்கென்று ஒரு சேமிப்புக் கணினியும், ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றும் உள்ளன. இம்மூன்றுக்கும் ரவுட்டருக்கும் ஒரே யூபிஎஸ்தான் மின்சாரம் தருகிறது.

மென்பொருளைப் பற்றிச் சொல்வதற்கு முன், கணினி ஏன் தானாக எழுவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய ஏடி வகைப் பவர் சப்ளைகளில் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. அவற்றின் ஸ்விட்ச் மின்சாரத்தையே நேரடியாக வெட்டி இணைக்கும் இயந்திர ஸ்விட்ச். அது அழுத்தியபடியே நிற்கும் என்பதால், மின்சாரம் போய் வந்தால் கணினியும் கூடவே எழுந்துவிடும். 1995-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் முறையில் பொத்தான் வெறும் சைகையாக மாறியது. பவர் சப்ளை எப்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குத் தந்துகொண்டிருக்கும். மதர்போர்டு சொன்னால்தான் மற்ற மின்னழுத்தங்கள் பிறக்கும். ஆகவே மின்சாரம் முற்றிலும் போய்த் திரும்பும்போது எழுவதா, அணைந்தே இருப்பதா என்ற முடிவு மதர்போர்டின் கையில் இருக்கிறது.

அந்த முடிவை நாம் சொல்லிவைப்பதற்கு, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. ஏசுஸ் பலகைகளில் அது ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ் என்றும், ஜிகாபைட் பலகைகளில் ஏசி பேக் என்றும், டெல் கணினிகளில் ஏசி ரெகவரி என்றும் இருக்கும். பெரும்பாலும் 3 தேர்வுகள்: அணைந்தே இரு, எழுந்துகொள், முன்பிருந்த நிலைக்குத் திரும்பு. பலரும் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனென்றால் அது நியாயமாகத் தெரிகிறது. யூபிஎஸ் இல்லாத கணினிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது, எனவே ஓடும் நிலைக்கே திரும்பும். யூபிஎஸ் இணைத்து, பேட்டரி குறைந்ததும் கணினியை முறையாக அணைக்கச் செய்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. மின்சாரம் கடைசியாக அறுந்த நேரத்தில் கணினி அணைந்த நிலையில் இருந்தது. எனவே மின்சாரம் வந்த பிறகும் அது தன் கடைசி நிலையான உறக்கத்துக்கே விசுவாசமாக இருக்கும். யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இரண்டாவது தேர்வை, அதாவது எப்போதும் எழுந்துகொள் என்பதை, வைத்தே ஆக வேண்டும்.

அதையும் சரியாக வைத்த பிறகுதான் எனக்கு அடி விழுந்தது. அப்போது நான் நட் பயன்படுத்தவில்லை; யூபிஎஸ்ஸுடன் வந்த மென்பொருளே போதும் என்று நம்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை 40 நிமிடம் மின்சாரம் இல்லை. பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் அந்த மென்பொருள் சர்வரை ஒழுங்காக அணைத்தது. அணைந்து 2 நிமிடம்கூட ஆகவில்லை, மின்சாரம் திரும்பிவிட்டது. யூபிஎஸ்ஸின் பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்ததால் அதன் சாக்கெட்டில் மின்சாரம் ஒரு கணமும் அறுபடவில்லை. மதர்போர்டின் பார்வையில் மின்தடையே நடக்கவில்லை; யாரோ கணினியை அணைத்தார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை நான் போய்ப் பொத்தானை அழுத்தும்வரை அது அசையவில்லை. இரண்டு இரவுகளின் காப்புப் பிரதிகள் எடுக்கப்படாமல் போயின. கணினியைக் காப்பாற்றுவதற்காக வாங்கிய யூபிஎஸ்ஸே அது எழாமல் போனதற்குக் காரணமாக இருந்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நட்டை நான் மனமாரப் பாராட்டுவது இந்த ஒரு முடிச்சை அது அவிழ்த்திருக்கும் விதத்துக்காகத்தான். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கம்பி செருகப்பட்டிருக்கும் கணினியை அது முதன்மை என்று அழைக்கிறது. அதே யூபிஎஸ்ஸை நம்பியிருக்கும் மற்றவற்றைத் துணை என்று அழைக்கிறது. என்னிடம் ராஸ்பெர்ரி பை முதன்மை, சர்வரும் சேமிப்புக் கணினியும் துணை. மின்சாரம் போய், பேட்டரி அபாய அளவுக்குக் குறைந்தது என்று யூபிஎஸ் அறிவித்ததும், முதன்மை கட்டாய அணைப்பு (எஃப்எஸ்டி) என்ற கொடியை உயர்த்துகிறது. துணைகள் அதைக் கண்டு அணையத் தொடங்குகின்றன. முதன்மையும் ஓர் அடையாளக் கோப்பை எழுதிவைத்துவிட்டுத் தன்னை அணைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. எல்லாச் சேவைகளும் நின்று, வட்டுகள் எழுத முடியாத நிலைக்கு மாற்றப்பட்ட பிறகு, கடைசி மூச்சில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் யூபிஎஸ்ஸுக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது: இத்தனை விநாடி கழித்து உன் சாக்கெட்டுகளின் மின்சாரத்தை வெட்டிவிடு, மின்சாரம் இருந்தால் இத்தனை விநாடி கழித்து மீண்டும் கொடு.

இதில் முக்கியமானது, ஒருமுறை உயர்த்திய கொடி இறங்குவதில்லை என்பது. அணைப்பு தொடங்கிய மறுகணமே மின்சாரம் திரும்பினாலும் நட் பின்வாங்காது. எல்லாம் அணைந்து, யூபிஎஸ் சாக்கெட்டை வெட்டி, மீண்டும் தந்து, எல்லாம் எழ வேண்டும். முதலில் படித்தபோது இது வீண் வேலையாகத் தோன்றியது. மின்சாரம்தான் வந்துவிட்டதே, பாதியில் நிறுத்தினால் என்ன? ஆனால் பாதி அணைந்த கணினியை யாராலும் திருப்ப முடியாது, ஒன்று அணைந்து மற்றொன்று ஓடும் குழப்பத்தையும் யாரும் விரும்ப மாட்டார்கள். மதர்போர்டின் கண் முன்னே உண்மையான ஒரு மின்தடையை உண்டாக்குவதுதான் எல்லாக் கணினிகளையும் ஒரே தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுவரும் வழி. என் சனிக்கிழமை விபத்தின் துல்லியமான மருந்து இதுவே.

நேர இடைவெளிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நட்டின் இயல்புநிலை மதிப்புகள் என்னைப் போன்றவர்களுக்குப் போதாது. யூஎஸ்பி வழியே பேசும் யூபிஎஸ்களுக்கான டிரைவரில், வெட்டுவதற்கு முன் காத்திருக்கும் நேரம் 20 விநாடி, மீண்டும் தருவதற்கு முன் காத்திருக்கும் நேரம் 30 விநாடி. முதன்மை, துணைகள் முழுமையாக அணையும்வரை காத்திருப்பதில்லை. அவை தொடர்பைத் துண்டித்ததும், அல்லது 15 விநாடி ஆனதும், தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். என் ராஸ்பெர்ரி பை சில விநாடிகளில் அணைந்துவிடும். பெரிய தரவுத்தளம் ஓடும் சர்வருக்கோ ஒன்றரை நிமிடம் வரை ஆகும். இயல்புநிலையிலேயே விட்டிருந்தால், சர்வர் இன்னும் வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ் கழுத்தை அறுத்திருக்கும். ஆகவே முதல் நேரத்தை 180 விநாடியாகவும் இரண்டாவதை 240 விநாடியாகவும் வைத்தேன். சில யூபிஎஸ்கள் விநாடிகளை முழு நிமிடங்களாக மாற்றிக்கொள்ளும் என்பதால் 60-இன் மடங்குகளாகவே வைப்பது நல்லது. நேரத்தை நீட்டினால் அந்த நேரத்துக்கும் பேட்டரி தாங்க வேண்டும். எனவே அபாய அளவையும் சற்று மேலே ஏற்றிவைக்க வேண்டும்.

இரண்டு நேரங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் முக்கியம் என்பதை ஒரு சிறு சோதனையில் கண்டேன். சர்வரை அணைத்துவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கினேன். மதர்போர்டின் ஓரத்தில் காத்திருப்பு மின்சாரத்தைக் காட்டும் சிறிய பச்சை எல்இடி உடனே அணையவில்லை. மெல்ல மங்கி, ஒரு பொட்டாகச் சுருங்கி, 7 விநாடி கழித்துத்தான் இருண்டது. பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்னூட்டம் அதுவரை பலகையை உயிரோடு வைத்திருந்தது. 3 விநாடியில் பிளக்கைத் திரும்பச் செருகியபோது கணினி எழவே இல்லை. 15 விநாடி விட்டுச் செருகியபோது விசிறி உடனே சுழன்றது. அணைந்த கணினி மிகக் குறைவான மின்சாரத்தையே இழுக்கும் என்பதால், அந்தத் தேக்கம் வற்றுவதற்கு நேரம் எடுக்கிறது. 10 விநாடி வித்தியாசம் என்ற இயல்புநிலை இந்தப் பலகைக்கு விளிம்பில் நடப்பது போன்றது. 60 விநாடி வைத்தபின் ஒருமுறையும் தவறியதில்லை.

நிறுவியவுடன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க நட்டிலேயே ஒரு கட்டளை இருக்கிறது: யூபிஎஸ்மான் என்ற அதன் நிரலுக்கு மைனஸ் சி எஃப்எஸ்டி என்று கொடுத்தால், பேட்டரி குறைந்தது போலவே பாவித்து முழு நாடகத்தையும் உண்மையாக நடத்திக்காட்டும். இதை மின்சாரம் இருக்கும்போதே செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி தீரும்வரை காத்திருந்து, மீண்டும் செருகிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அது எளிதான சோதனை. மின்சாரம் இருக்கும் நிலையிலும் யூபிஎஸ் தன் சாக்கெட்டை வெட்டித் திரும்பத் தருகிறதா என்பதே கடினமான கேள்வி. சில மலிவான யூபிஎஸ்கள் இந்தக் கட்டளையைக் காதில் வாங்குவதே இல்லை, சில வெட்டிவிட்டுப் பொத்தானுக்காகக் காத்திருக்கின்றன. யூபிஎஸ் வாங்குவதற்கு முன் நட் திட்டத்தின் வன்பொருள் பட்டியலைப் பார்ப்பது அவசியம், ஆனால் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. இந்தச் சோதனையில் தேறாத யூபிஎஸ்ஸை நான் ஆளில்லாத இடத்தில் வைக்க மாட்டேன்.

நட்டின் கை எட்டாத இடங்களும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயப் பேட்டரி அவற்றில் முதலாவது. பிளக் செருகியிருக்கும்வரை காத்திருப்பு மின்சாரமே பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பதால், அந்தப் பேட்டரி செத்துப்போனதே வெளியில் தெரியாது. மின்சாரம் உண்மையாகவே அறுபடும் நாளில்தான் தெரியும்: அமைப்புகள் ஆலைநிலைக்குத் திரும்பி, எழுந்துகொள் என்று நாம் வைத்தது அணைந்தே இரு என்று மாறியிருக்கும், அல்லது எழுந்தபின் எஃப்1 விசையை அழுத்துங்கள் என்று விசைப்பலகையே இல்லாத கணினி காத்திருக்கும். 7 ஆண்டுப் பழமையான என் சேமிப்புக் கணினி முதல் சோதனையிலேயே இப்படி நின்றது. நட் உண்டாக்கும் செயற்கை மின்தடை இந்த மறைந்திருக்கும் நோயை வெளிக்கொண்டுவந்தது என்பதை நான் அதன் நன்மையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்திருப்பவர்களுக்கு வேறொரு தடை. கணினி எழும், ஆனால் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் சாவியை வைத்து வட்டைத் தானாகத் திறக்கச் செய்யலாம், அல்லது தொடக்க நிலையிலேயே எஸ்எஸ்எச் என்ற தொலை நுழைவுக்கான ஒரு சிறு சேவையை ஓடவிட்டுத் தொலைவிலிருந்து கடவுச்சொல்லைத் தரலாம். முதலாவதில், கணினியையே தூக்கிச் செல்பவருக்கும் வட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால், நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் விலையாக, என் சர்வர் முழுமையாகத் தானே எழுவதில்லை. என் கைபேசியிலிருந்து ஒரு வரி தட்ட வேண்டியிருக்கிறது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறை அது.

வேக் ஆன் லேன் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அணைந்திருக்கும் கணினிக்கு நெட்வொர்க் வழியே ஒரு சிறு பொதியை அனுப்பி எழுப்பும் முறை அது. நானும் அதை வைத்திருக்கிறேன், ஆனால் இரண்டாவது கயிறாக மட்டுமே. மின்சாரம் முற்றிலும் அறுந்து திரும்பிய பின், இயங்குதளம் ஒருமுறை எழுந்து ஆயத்தப்படுத்தும்வரை சில நெட்வொர்க் அட்டைகள் அந்தப் பொதியைக் கவனிப்பதில்லை. பயாஸில் ஈஆர்பி என்ற மின்சிக்கன அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் அட்டைக்குக் காத்திருப்பு மின்சாரமே கிடைக்காது. மறுபக்கம், பொத்தான் இல்லாத ராஸ்பெர்ரி பை 4 மின்சாரம் வந்ததும் எழுந்துவிடும். அது எழுந்து 10 நிமிடம் கழித்து, சர்வர் பதில் தரவில்லையென்றால் மட்டும் இந்தப் பொதியை அனுப்பும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரேயொரு முறை அது தேவைப்பட்டது.

மின்சாரம் வந்து, போய், வந்து என்று விளையாடும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரி தீர்ந்து எல்லாம் அணைந்த பின், மின்சாரம் வந்ததும் எல்லாம் எழுந்து, 5 நிமிடத்தில் மீண்டும் மின்சாரம் போனால், முறையாக அணைக்கும் அளவுக்குக்கூட பேட்டரியில் தெம்பு இருக்காது. பேட்டரி குறிப்பிட்ட சதவீதம் நிரம்பிய பிறகே சாக்கெட்டைத் திறக்கும்படி சில யூபிஎஸ்களில் அமைக்க முடியும்; நட்டில் அந்த மதிப்பு பேட்டரி சார்ஜ் ரீஸ்டார்ட் என்ற பெயரில் தெரியும். யூபிஎஸ் வாங்க நினைப்பவர்கள் திறன் எத்தனை வாட் என்று பார்ப்பதோடு இதையும் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். என் யூபிஎஸ்ஸில் இது உண்டு, 40 சதவீதம் வைத்திருக்கிறேன்.

இனி குறைகள். நட்டை அமைப்பது புதியவருக்குக் கடினம். ஐந்து தனித்தனிக் கோப்புகளைத் திருத்த வேண்டும்: யூபிஎஸ் எது என்று ஒன்று, யார் கேட்கலாம் என்று ஒன்று, பயனர்கள் யார் என்று ஒன்று, எப்போது அணைப்பது என்று ஒன்று, இந்தக் கணினியின் பங்கு என்ன என்று ஒன்று. ஐந்தாவதில் பங்கு எதுவுமில்லை என்பதே இயல்புநிலை. அதை மாற்ற மறந்துவிட்டு, சேவை ஏன் தொடங்கவில்லை என்று ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். பிழைச் செய்தி அதை நேராகச் சொல்லியிருக்கலாம். 2022-இல் வந்த 2.8.0 பதிப்பில் முதன்மை, துணை என்ற புதிய சொற்கள் வந்ததால், பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் சொற்களுக்கிடையே தடுமாறுவார்கள். நட் திட்டத்தின் அதிகாரபூர்வ ஆவணம் ஆழமானது, நேர்மையானது, ஆனால் அவசரத்துக்கு உதவாது. விண்டோஸ் கணினிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்; நட்டின் இயல்பான வீடு லினக்ஸ், பிஎஸ்டி ஆகிய இயங்குதளங்கள்தான். ஏபிசி நிறுவனத்தின் யூபிஎஸ் ஒன்றும் கணினி ஒன்றும் மட்டுமே என்றால், ஏபிசியூபிஎஸ்டி என்ற மற்றொரு இலவச மென்பொருள் இன்னும் எளிது. அதுவும் யூபிஎஸ்ஸைக் கடைசியில் வெட்டச் சொல்லும் வேலையைச் செய்கிறது.

யூபிஎஸ்ஸே இல்லாமல் ஒரே ஒரு மேக் மினியை வைத்திருப்பவருக்கு இவை எதுவும் தேவையில்லை; மின்தடைக்குப் பின் தானாகத் தொடங்கு என்று அதன் அமைப்புகளிலேயே ஒரு தேர்வு இருக்கிறது, டெர்மினலில் பிஎம்செட் கட்டளையின் ஆட்டோரீஸ்டார்ட் மதிப்பை 1 என்று வைத்தாலும் அதுவே நடக்கும்.

கடந்த மாதம் நள்ளிரவில் ஒரு நீண்ட மின்தடை வந்தது. காலையில் பதிவேட்டைப் பார்த்தேன். 1:52-க்கு மின்சாரம் போனது. 2:31-க்குக் கொடி உயர்ந்தது. 2:33-க்கு, சர்வர் இன்னும் அணைந்துகொண்டிருக்கும்போதே, ரவுட்டரின் பதிவின்படி வெளி இணைப்பு திரும்பியிருக்கிறது, அதாவது தெருவில் மின்சாரம் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமையின் அதே இடைவெளி. 2:35-க்கு யூபிஎஸ் சாக்கெட்டை வெட்டியது. பேட்டரி 40 சதவீதத்தை எட்டியதும் திறந்தது, 3:20-க்குச் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது. யூபிஎஸ்ஸின் ஈய-அமில பேட்டரிக்கு 3 முதல் 5 ஆண்டுதான் ஆயுள் என்பதால், அடுத்த ஆண்டு அதை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய அன்றே அதே எஃப்எஸ்டி சோதனையை மறுபடியும் நடத்தக் குறித்து வைத்திருக்கிறேன்.